கையெழுத்து வக்கீலுக்கு, பழி குமாஸ்தாவுக்கா?

நெய்வேலி சுரங்கத்துக்குள் யார் வேண்டுமானாலும் யாரையும் வைத்து வேலை வாங்கிவிட முடியாது. சட்டப்படி மேனேஜர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவருக்குக் கீழே ஓவர்மேன், சர்தார் என்று சான்றிதழ் வாங்கியவர்கள்தான் ஆட்களை மேற்பார்வை பார்ப்பார்கள். எந்த ஷிப்ட்டுக்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கும். மண் சரிந்த பிறகு "அதெல்லாம் பையன் பார்த்துக்கிட்டான்" என்று மேனேஜர் கை கழுவ முடியாது.

அதே ஊர்க்காரர் செக் கேஸுக்கோ, ஜீவனாம்சத்துக்கோ, நில இழப்பீட்டுக்கோ வக்கீல் ஆபீஸ் படியேறினால் என்ன நடக்கிறது? வக்கீலைப் பார்ப்பது பத்து நிமிடம். மற்றதெல்லாம் குமாஸ்தாதான். பத்திரத்தை வாங்கி வைப்பவர் அவர், வக்காலத்தில் கையெழுத்து வாங்குபவர் அவர், வாய்தா தேதி சொல்பவர் அவர், காப்பி அப்ளிகேஷன் போடுபவரும் அவரே. "ஐயா என்ன சொன்னார்?" என்று கேட்டால் பதில் சொல்பவரும் அவர்தான். அந்தப் பதிலுக்கு யார் பொறுப்பு? இங்கேதான் எல்லோரும் மௌனம்!

இது குமாஸ்தாக்களுக்கு எதிரான கட்டுரை அல்ல. முப்பது வருடம் கோர்ட் வராந்தாவில் நடந்த ஒரு குமாஸ்தாவுக்குத் தெரிந்த நடைமுறை, நேற்று எம்.எல். முடித்தவருக்குத் தெரியாது. அவர் இல்லாமல் எந்த ஆபீஸும் ஓடாது. வாதம் வேறு. வக்கீல் அல்லாத ஒருவரை வேலைக்கு வைக்கும் உரிமை வக்கீலுக்கு இருக்கிறது என்றால், அந்த உரிமைக்கு நிபந்தனைகள் வேண்டும். அவை வாய்ச்சொல்லாக இருந்தால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி, பதிவு பெற்ற வழக்கறிஞர்தான் தொழில் செய்யலாம். உரிமை இல்லாமல் நீதிமன்றத்தில் தொழில் செய்தால் 45-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஏ.கே. பாலாஜி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. கோர்ட்டில் நின்று வாதாடுவது மட்டும் வக்கீல் தொழில் அல்ல. சட்டக் கருத்து சொல்வதும், ஆவணம் வரைவதும் அதில் சேரும். டைப் அடிப்பது, பிழை திருத்துவது போன்ற உதவி வேலைகள் அதில் சேராது.

ஆக, கோடு எங்கே என்று தெரிகிறது. தேதி சொல்வது குமாஸ்தா வேலை. "அப்பீல் போடாதீங்க, தேறாது" என்று சொல்வது குமாஸ்தா வேலை அல்ல. ஆனால் அந்தக் கோட்டை ஆபீஸுக்குள் யார் காவல் காப்பது?

உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யும் 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு' ஆக வேண்டுமானால், பதிவு செய்த குமாஸ்தா ஒருவரை நியமிப்பதாக உறுதி கொடுக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற விதிகளிலேயே இது இருக்கிறது. அதாவது, குமாஸ்தா ஒரு விவகாரமான ஆள் அல்ல. பெயர் தெரிந்த, பதிவேட்டில் உள்ள, கணக்கு கேட்கக்கூடிய ஆள். டெல்லியில் அவசியம் என்று தெரிந்த ஒழுங்கு விருத்தாசலத்திலும் பண்ருட்டியிலும் வெறும் அடையாள அட்டையோடு நின்றுவிடலாமா?

இப்போது மறுபக்கம். வக்கீல் தொழில் வாங்கி வைத்திருக்கும் சலுகைகளைப் பாருங்கள். 1984-ல் சசிதரன் வழக்கில், வக்கீல் ஆபீஸ் என்பது கேரள கடைகள் சட்டத்தின்படி வணிக நிறுவனம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1978-ல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில், சின்ன உதவியாளரை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் நடத்தும் வக்கீல் 'தொழிற்சாலை' நடத்துபவர் ஆகமாட்டார் என்று சொல்லப்பட்டது. 2024 மே மாதம், வக்கீல் மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றும் தீர்ப்பு வந்தது. காரணம், அது கட்சிக்காரரோடு செய்துகொண்ட தனிப்பட்ட சேவை ஒப்பந்தமாம்.

நல்லது. தனிப்பட்ட சேவை என்றால் அதை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாதல்லவா? பி.காம் முதல் வருடத்தில் படிக்கும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. தானே செய்வதாக ஏற்றுக்கொண்ட வேலையை ஏஜெண்ட் இன்னொருவரிடம் தள்ளக்கூடாது. இது 190-ஆம் பிரிவு. வழக்கப்படி தள்ளலாம் என்றால், அவர் செய்ததற்கு ஏஜெண்டே பொறுப்பு; இது 192. வருமானத்துக்குத் 'தனிப்பட்ட சேவை', தவறுக்கு 'குமாஸ்தா கவனக்குறைவு' என்று இரண்டு கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ள முடியாது.

தாமத மன்னிப்பு மனுக்களில் அடிக்கடி வரும் வரி எது தெரியுமா? குமாஸ்தா கட்டை இடம் மாற்றி வைத்துவிட்டார்! மனு ஏற்கப்பட்டால் தப்பித்தோம். ஏற்கப்படாவிட்டால்? 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில், அவார்டு போடும்போது நேரில் இருந்தவர் கூடுதல் இழப்பீடு கேட்டு மனுப்போட ஆறே வாரம்தான் கெடு. அதன் இடத்தில் வந்த 2013-ஆம் ஆண்டு சட்டத்திலும் அதே ஆறு வாரம்தான். நிலக்கரிக்காக நிலம் கொடுத்த குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் இது. இங்கே ஒரு தேதி தவறினால் போவது ஒரு தாள் அல்ல, ஒரு தலைமுறையின் காணி.

ஆகவே நிபந்தனைகள் இவை.

1. நியமனக் கடிதம். குமாஸ்தா என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதன் நகல் ஆபீஸ் சுவரில் தொங்க வேண்டும்.

2. மாதச் சம்பளம். கேஸுக்கு இவ்வளவு என்ற கமிஷன் கூடாது. வக்கீல் அல்லாதவரோடு பீஸைப் பங்கு போடக்கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. கமிஷன்தான் குமாஸ்தாவைத் தரகராக மாற்றுகிறது.

3. ரசீது. கட்சிக்காரரின் பணத்துக்கும் அசல் பத்திரத்துக்கும் வக்கீல் கையெழுத்திட்ட ரசீது.

4. கெடு தேதிப் பதிவேடு. எழுதுவது குமாஸ்தா, வாரா வாரம் சரிபார்த்துக் கையெழுத்திடுவது வக்கீல்.

5. இ-ஃபைலிங் பாஸ்வேர்டு வக்கீலிடம் மட்டும். பாஸ்வேர்டைக் கொடுப்பது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

"சின்ன ஊர் வக்கீலுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது" என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஜூனியர்கள் நிலைமையே மோசம் என்பதால்தான் 2024 அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் அவர்களுக்கு நகரத்தில் மாதம் 20,000, கிராமத்தில் 15,000 ரூபாய் என்று பரிந்துரைத்தது. ஆனால் மேலே சொன்ன ஐந்தில் நான்குக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். சம்பளம் ஒன்றுதான் செலவு. மூன்று வக்கீல்கள் சேர்ந்து ஒரு குமாஸ்தாவை வைக்கட்டும், மூவர் பெயரும் கடிதத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்தச் செலவு எங்கும் மறைந்துவிடாது. "செலவுக்கு" என்ற பெயரில் கட்சிக்காரர் சட்டைப்பையிலிருந்து போகும்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் வக்கீல் அல்லாத 'பாராலீகல்'களுக்குத் தனி லைசென்ஸ் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். தமிழ்நாட்டில் 1999-லேயே வழக்கறிஞர் குமாஸ்தாக்கள் நல நிதிச் சட்டம் வந்தது. இப்படி ஒரு தொழிலாளர் கூட்டம் இருக்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டாயிற்று. இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டவருக்கு வேலை வரம்பையும் சம்பளத்தையும் எழுதிக் கொடுக்க மட்டும் ஏன் இத்தனை தயக்கம்?

ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பவர்கள் வக்கீல்கள். தங்கள் ஆபீஸில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் ஒன்று எழுதட்டும்.