உலை மூளுமுன் ஒரு கேள்வி

1990இல் போரினால் அவிந்த காங்கேசன்துறைச் சீமெந்து உலையை மீண்டும் மூட்டவேண்டுமென்ற குரல் அவ்வப்போது எழுகிறது. தொழிலாளருக்கு வேலை வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால் புகையை என்ன செய்வது?

சுண்ணாம்புக்கல் 100 தொன்னைச் சுட்டால் ஏறத்தாழ 44 தொன் காபனீரொட்சைட்டு கல்லிலிருந்தே கிளம்பும். எரிபொருளை மாற்றினாலும் அது நில்லாது. ஆகவே பிடித்தே ஆகவேண்டும். ஆயின், பிடிப்பது வேறு, புதைப்பது வேறு.

தூத்துக்குடியில் 2016 முதல் கொதிகலன் புகையைப் பிடித்துச் சோடாச்சாம்பல் செய்தனர். அது கண்ணாடி உலையில் உருகுகையில் வாயு மீண்டும் வானேறும். தெக்சாசில் 2017 முதல் பிடித்த வாயுவைச் செலுத்தி மேலும் எண்ணெய் உறிஞ்சினர். 2020இல் எண்ணெய் விலை வீழ்ந்ததும் பிடிப்பதையே நிறுத்தினர். 2023இல்தான் மீண்டும் தொடங்கினர். இலாபம் படுத்தால் அறமும் படுத்துவிடுகிறது! நோர்வேயின் பிறெவிக் சீமெந்து ஆலை வாயு 2025 முதல் கடலடிப் பாறைக்குச் செல்கிறது; செலவிற் பெரும்பங்கு மக்கள் வரிப்பணம்.

நமது சுண்ணாம்புப் பாறையோ நன்னீர்ப் பாறை. உரும்பிராய்த் தோட்டக் கிணறுகள் அதை நம்பியே இறைக்கின்றன; அங்கே புதைக்க இடமில்லை.

இலாபம் முதலாளிக்கு, புகை மக்களுக்கு என்ற பங்கீட்டை விஞ்ஞானம் என்று அழைக்காதீர். பிடிப்பதும் பத்திரமாய்ப் புதைப்பதும் ஆலைக்காரன் செலவு என்று முதலிற் சட்டம் எழுதுங்கள். பின்னர் உலை மூளட்டும்.