டைல்ஸ் மினுங்குது, கூரை ஒழுகுது



கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதாக இருந்தால் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

கச்சான் காற்று அடிக்கிற காலம் இது. கிண்ணியா, மூதூர், திருகோணமலை டவுண் என்று எங்கே போனாலும் ஒழுங்கைக்கு ஒரு வீட்டு வேலை நடக்கிறது. கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: "மகள்ட கலியாணம் வருது சேர்."

போன கிழமை அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். முன் ஹோலுக்கு டைல்ஸ், சீலிங், கேற்றுக்குப் புதுப் பெயின்ட். குசினிக்குப் போனால் சீட் வெடித்து, அதற்கு மேலே பொலித்தீன் விரித்துக் கல் வைத்திருக்கிறார்கள். "இதை முதல்ல பார்க்கல்லயா?" என்று கேட்டேன். "அது பொறகு பார்ப்பம் சேர், மாப்பிள்ள வீட்டாக்கள் முன் ஹோல்லதானே இருப்பாங்க" என்றார் அந்த வாப்பா.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபம் எல்லாம் அந்த ஹோலில் வந்து இருக்கப் போகிறவர்கள் மேல்தான்.

கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. முஸ்லிம்களிடமும் உண்டு, தமிழர்களிடமும் உண்டு. வீடு பெண்ணின் பெயரில் இருப்பதால் கணவன் விட்டுப் போனாலும் அவள் தெருவுக்கு வரமாட்டாள். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. பெற்றவர்கள் விரும்பிக் கொடுப்பது வேறு. "எத்தனை பேர்ச்சஸ் காணி? மேலே பிளேட்டா சீட்டா? ரோட்டுக்கு எவ்வளவு தூரம்?" என்று மாப்பிள்ளை பக்கம் விசாரணை நடத்தி வாங்குவது வேறு. இப்போது நடப்பது இரண்டாவது.

ஒரு ஆசிரியராக இதன் விலையை வகுப்பறையில் பார்க்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்குச் சில பிள்ளைகளுக்கு எப்போதும் உம்மம்மாதான் வருவார். உம்மா எங்கே என்றால் சவூதி, குவைத், கட்டார். எதற்கு? வீடு கட்ட. யாருக்கு? அந்தப் பிள்ளைக்கே. பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியது பக்கத்தில் உம்மா. நாம் கொடுப்பது பதினைந்து வருடம் கழித்து ஒரு டைல்ஸ் வீடு.

ஆண் பிள்ளைகளையும் விடவில்லை. தங்கச்சி வீட்டுக்காகவே எத்தனை பேர் வெளிநாட்டில் இளமையைத் தொலைத்திருக்கிறார்கள்! கொடுமை என்னவென்றால், அதே தம்பி தனக்குப் பெண் பார்க்கும்போது, பட்ட கஷ்டத்தை மறந்து, அவளுடைய நானாவிடம் வீடு கேட்கிறான்.

கடனும் இருக்கிறது. 2022இல் சீமெந்து பக்கெட் விலை ஒரே வருடத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். விலை ஏறியது, மாப்பிள்ளை வீட்டாரின் அளவுகோல் குறையவில்லை. அதனால் மலிவான காணி தேட வேண்டி வந்தது. மலிவான காணி எங்கே இருக்கிறது? பள்ளத்தில், வாய்க்கால் ஓரத்தில், நேற்று வரை வேளாண்மை செய்த வயலில்.

நாலு டிப்பர் கிரவல் போட்டு உயர்த்தினால் நம் வளவு தப்பிவிடும் என்று நினைக்கிறோம். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அவர் அடுத்த வருடம் ஆறு டிப்பர் போடுகிறார். கடைசியில் நடுவில் இருக்கிற ஏழை விதவையின் வீடு குளமாகிறது. மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடாவைச் சுற்றி வாழ்கிற நமக்கு, தண்ணீருக்குப் போகிற வழி வேண்டும் என்பதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு வந்த வெள்ளமும், மாவிலாற்றுப் பக்கம் அணைக்கட்டு உடைந்ததும் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, எழுத்து மூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது. நிரப்பும்போது யாரும் அதை ஞாபகப்படுத்துவதில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது? மஹர் கொடுக்க வேண்டியவன் மாப்பிள்ளை. தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்குக்கூட இத்தாக் காலத்தில் வசதிக்கேற்பத் தங்குமிடம் கொடுக்கச் சொல்கிறது சூரா தலாக். பிரிந்து போகிறவளுக்கே அப்படியென்றால், வாழ வருகிறவளிடம் போய் "வீடு எங்கே?" என்று கேட்க எந்த நாக்கு வருகிறது?

"சேர், நீங்கள் என்ன செய்தீங்க?" என்று கேட்பீர்கள். நானும் மனைவியின் உம்மா வாப்பா கட்டிய வீட்டில்தான் இருக்கிறேன். நான் வாயால் கேட்கவில்லை. என் வீட்டார் கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் என் மகனுக்குப் பெண் பேசும்போது வீட்டுப் பேச்சே வராது என்பதை இங்கே பகிரங்கமாக எழுதி வைக்கிறேன்.

இனிச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

காணி வாங்குவதென்றால் கோடையில் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மார்கழி மழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் பாருங்கள். உறுதியைக் காணிப் பதிவகத்தில் பரிசோதியுங்கள். பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. "பிறகு எழுதித் தாறன்" என்ற பேச்சை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

வீட்டு வேலைக்குக் கையில் இருக்கிற காசை முதலில் கூரையில் போடுங்கள். நமக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான். அதற்கு முன், இந்தக் கச்சான் காலத்திலேயே வெடித்த சீட்டை மாற்றி, பீலியைத் துப்பரவாக்கி, வாய்க்காலை வெட்டிவிட வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டை அறுக்காதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையில் 50 அடியாவது விடுங்கள்.

பெருநாளுக்குப் பெயின்ட் அடிக்கிற பழக்கமும் யோசிக்க வேண்டியது. நோன்பு வருடத்துக்கு 10, 11 நாள் முன்னுக்கு வருகிறது. 2030இல் ஜனவரியிலும் டிசம்பர் கடைசியிலுமாக இரண்டு தடவை தலை நோன்பு வரும். ஈரச் சுவருக்கு அடிக்கிற பெயின்ட் அடுத்த பெருநாள் வரை நிற்காது.

கடைசியாகப் பள்ளி நிருவாகிகளிடம் ஒரு வேண்டுகோள். மஹர் எவ்வளவு என்று நிக்காஹ் மஜ்லிஸில் சத்தமாகக் கேட்கிறீர்கள். அதே மாப்பிள்ளையிடம், "வீடு கேட்டு வாங்கினாயா?" என்றும் அதே சத்தத்தில் கேளுங்கள். கேட்டு வாங்கியவனின் கலியாணச் சாப்பாட்டுக்கு நாமும் போகாமல் இருப்போம். நாலு கலியாணம் இப்படி நடந்தால் ஐந்தாவது வாப்பா குசினிக் கூரையை முதலில் மாற்றுவார்.

உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள். ஆனால் முதலில் உங்கள் வீட்டுக் குசினிக் கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.