திருப்பூர் பனியனும் கூலிப் புலம்பலும்

"வங்கதேசத்தில் கூலி கம்மி சார், நாம் எப்படிப் போட்டி போடுவது?" திருப்பூரில் ஆர்டர் குறைந்தால் போதும், இந்தப் புலம்பல்தான். இது பாதி உண்மை.

2001 முதல் வங்கதேசச் சட்டைக்கு ஐரோப்பாவில் சுங்கவரி கிடையாது. நம் சட்டையோ இத்தனை வருடமும் 9 சதவீதத்துக்கு மேல் கட்டிக்கொண்டுதான் உள்ளே போனது. போதாததற்கு, 2021 பட்ஜெட்டில் நம் அரசே இறக்குமதிப் பருத்திக்கு 11 சதவீத வரி போட்டது. பஞ்சு விலை ஏறினால் நூல் விலை ஏறாதா? அடுத்த வருடமே உக்ரைன் போர். காஸ் பில் கட்டவே திணறிய ஐரோப்பாக்காரர்கள் துணி வாங்குவதைக் குறைத்தார்கள். மிச்சமிருக்கும் ஆர்டர் விலை குறைந்தவனுக்குத்தானே போகும்?

தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கூலியில் கை வைத்து எவ்வளவு மிச்சம் பிடிப்பீர்கள்? வரியில் விட்டதை அவள் வயிற்றில் அடித்துப் பிடிக்கப் பார்க்காதீர்கள். டெல்லியில் போய்ச் சண்டை போடுங்கள்.