புழுவுக்கும் அதே மருந்தா?

வடமாலபேட்டைப் பக்கத்து உழவர் பூச்சிக்கொல்லியை ‘மருந்து’ என்றே சொல்வர். தெலுங்கரும் ‘மந்து’ என்பர். பிழைப்பு நாடி அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு இரு சொல்லும் பழக்கமானவையே. ஆயினும் அறிவியல் பயிலும் நண்பர் சிலரின் பேச்சைக் கேட்கையில் அச்சொல்லே அச்சமூட்டுகிறது. “பயிர் தின்னும் புழுவின் குடலில் பாக்டீரியாக்கள் உள்ளன. ஆன்டிபயாடிக் கலந்த இரையை ஊட்டினால் அவை மடியும், புழுவும் வளராது. அதையே வயலில் தெளித்தால் என்ன?” என்கின்றனர்.

எந்தப் பூச்சி, அன்பர்களே? நிலக்கடலையில் சாறு உறிஞ்சும் அசுவினியின் உடலில் ‘புக்நேரா’ என்னும் பாக்டீரியா வாழ்கிறது. செடிச்சாற்றில் போதாத அமினோ அமிலங்களை அதுவே ஆக்கித் தருகிறது. அது அழிந்தால் அசுவினி குன்றும், இனமும் பெருகாது. இலை தின்னும் புழுக்களின் கதையோ வேறு. ஹாமரும் அவருடன் உழைத்தோரும் 124 வகைப் புழுக்களை ஆராய்ந்து, அவற்றின் குடலில் நிலையாகக் குடியிருக்கும் பாக்டீரியாக் கூட்டம் இல்லை என்று 2017இல் எழுதினர். புகையிலைக் கொம்புப்புழுவுக்கு ஆன்டிபயாடிக் ஊட்டியும் அதன் வளர்ச்சி குறையவில்லை. வேறு ஆய்வுகளில் சில புழுக்கள் குன்றியதுண்டு. ஆனால் டெட்ராசைக்ளின் பூச்சியின் சொந்த உயிரணுவிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவையும் தாக்கவல்லது. குடல் பாக்டீரியா மடிந்ததால்தான் புழு குன்றிற்று என்று உடனே தீர்ப்புரைக்க இயலுமா?

இன்னொரு விந்தையும் உண்டு. ஜிப்சி அந்தின் புழுவுக்கு முதலில் ஆன்டிபயாடிக் ஊட்டிக் குடலைத் துடைத்துவிட்டால், பி.டி. என்னும் உயிர்ப்பூச்சிக்கொல்லி அதைக் கொல்லவில்லை என்று 2006இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். வேறு புழுக்களில் சோதித்தோர் இதை மறுத்துள்ளனர், வழக்கு முடியவில்லை. ஆனால் ஒரே ஒரு பயிர்ப்புழுவில் இது மெய்யானாலும், தெளிப்பவர் காசு செலவழித்துப் புழுவையன்றோ காப்பாற்றுகிறார்!

இழப்பதோ சிறிதன்று. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயை முதன்முதலில் பணிய வைத்த மருந்து. அதையும் டெட்ராசைக்ளினையும் கலந்து, பயிரின் பாக்டீரியா நோய்களுக்கென நம் நாட்டு வயல்களில் பல்லாண்டு தெளித்தோம். அக்கலவையைத் தடைசெய்ய நடுவண் அரசு 2021 டிசம்பரில் வரைவாணை வெளியிட்டது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் மருந்துக்கு அடங்காமை கற்றுக்கொண்டால், அந்த மரபணுவை மனிதரைத் தாக்கும் கிருமிகளுக்கும் கொடுக்கவல்லன என்பதே அச்சம். ஒரு வாயில் அடைபடும் வேளையில், புழுவின் பெயரால் மற்றொன்றைத் திறப்பானேன்?

சோதனைச்சாலையில் பத்துப் புழுக்களுக்கு ஊட்டி உண்மை அறிவதை நான் தடுக்கவில்லை, அது தொடரட்டும். நிலக்கடலை வெட்டுப்புழுவுக்கு வயலில் வேறு வழி இருக்கிறது. வரப்பில் ஆமணக்கு ஊன்றினால் தாய் அந்து அதன் இலையை நாடி முட்டையிடும். முட்டைக் குவியலோடு இலையைக் கிள்ளி அழிக்க எந்தப் புட்டியும் வேண்டியதில்லை.