கண்டமான வண்டிக்கு இன்னொரு ஓட்டம்

விபத்தில் நொறுங்கிய இரண்டு கார்களைக் கொண்டு ஒரு பந்தயக் கார் செய்ய முடியுமா? முடியும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கொட்டகையிலேயே செய்கிறார்கள். முன்பக்கம் அடிபட்ட வண்டியில் பின் அச்சு நன்றாக இருக்கும். பின்பக்கம் அடிபட்டதில் என்ஜின் நன்றாக இருக்கும். இரண்டையும் கழற்றி, நெளியாத ஒரு சேஸிஸில் பூட்டுவார்கள். கண்ணாடிகளையும் மெத்தைகளையும் எடுத்துவிட்டு, கதவுகளை வெல்டிங் வைத்து மூடுவார்கள். உள்ளே கனத்த இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு கட்டுவார்கள். வண்டி உருண்டாலும் ஓட்டுகிறவன் தலை நசுங்காமல் காப்பது அந்தக் கூண்டுதான். பிறகு மண் பாதையில் ஓட்டம்.

பிரெஞ்சில் படித்த நம் வயதுக்காரர்களுக்கு 'தெ ஷெவோ' நினைவிருக்கும். 'இரண்டு குதிரை' என்று பொருள். 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோவன் கம்பெனி அறிமுகப்படுத்தி, 1990 வரை தயாரித்த ஏழைகளின் கார். இரண்டே சிலிண்டர், காற்றிலேயே குளிரும் என்ஜின், ரேடியேட்டர் கிடையாது. பாடியை போல்ட் கழற்றித் தனியே எடுத்துவிடலாம். பழைய தெ ஷெவோக்களை வைத்து 1972-இல் பிரான்ஸில் மண் பாதைப் பந்தயம் தொடங்கினார்கள். பணக்காரர் விளையாட்டுக்குள் மெக்கானிக் பையன்களும் நுழைய அது ஒரு வழியானது.

பின்லாந்திலும் ஸ்வீடனிலும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே இவ்வகைப் போட்டியில் காருக்கு ஒரே நிர்ணய விலை. பந்தயம் முடிந்ததும் அந்த விலைக்கு யார் கேட்டாலும் விற்றாக வேண்டும். மறுத்தால் போட்டியாளர் உரிமமே போய்விடும். அப்புறம் யார் லட்ச லட்சமாகக் கொட்டி என்ஜினை மாற்றுவார்கள்? காசுள்ளவனையும் இல்லாதவனையும் ஒரே கோட்டில் நிறுத்த இதைவிட எளிய விதி எனக்குத் தெரிந்து இல்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? ராத்திரி பதினொரு மணிக்குமேல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். நம் பேரப்பிள்ளைகள் வயதுப் பையன்கள் பந்தயம் விடுகிறார்கள். ஹெல்மெட் இல்லை; எதிரே லாரி வருகிறது. வேகத்தின் மேல் உள்ள ஆசையை அறிவுரையால் அடக்கிவிடலாம் என்று நான் நம்பவில்லை. அதற்கு ஓர் இடம் கொடுக்கலாம். மண் தரையில் டயருக்குப் பிடிமானம் குறைவு. தார்ச்சாலையில் போகும் வேகம் அங்கே வராது. கூண்டு, பெல்ட், ஹெல்மெட் மூன்றும் கட்டாயம். எதிரே வண்டி வராது.

வண்டிக்குப் பஞ்சமா? முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன். அலுவலகத்தின் பின்புறம், கண்டம் செய்த ஜீப்பும் அம்பாசடரும் ஏலத்துக்குக் காத்துக் காத்துப் புல் முளைத்துக் கிடக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து வயதான அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை. உடைக்க அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த விதியில் ஒரு சிறு விலக்குத் தந்து, ஐ.டி.ஐ. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வண்டிகள் கொடுத்தால் என்ன? பதிவு ரத்தானதால் அவை சாலைக்கு வர முடியாது. பையன்கள் அக்கக்காகக் கழற்றி, வெல்டிங் கற்று, கூண்டு கட்டி, வாத்தியார் சோதித்த பிறகு மைதானத்தில் ஓட்டட்டும்.

நம்மால் ஆகாத வேலை இல்லை இது. சாதாரண மாருதி 800 என்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரை உருவாக்கியவர் கோவையின் கரிவர்தன். இறக்குமதிக் கார் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

தன் கையால் வெல்டிங் வைத்த கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற பையனுக்கு, ஒரு நல்ல இணைப்பு என்ன காரியம் செய்யும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்க்கும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.