கிளினிக் கொப்பியைக் கேட்பார் யார்?

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாளில், புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயன் வீடுகளை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை சபரகமுவ மலைச்சரிவுகளிலிருந்து மறுபடியும் குடும்பங்களைக் கிளப்பியது. இடம்பெயர்ந்தவர்களைப் பதியும் மேசையில் அடையாள அட்டையைக் கேட்கிறார்கள், பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறார்கள். கிளினிக் கொப்பி எங்கே என்று கேட்பவர் குறைவு. இருதயம் பலவீனமானவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம் என்பதே எமது கருத்து.

இருதயச் செயலிழப்பு என்ற சொல்லைக் கேட்டதும் இருதயம் நின்றுவிட்டதாகப் பலர் பயந்துவிடுகின்றனர். அது அப்படியல்ல. இரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். வலு குறைந்ததும் உடம்பு ஏதோ பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி, உப்பையும் நீரையும் சேர்த்து வைக்கிறது. இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. ஆரம்பத்தில் உதவும் இந்த ஏற்பாடே நாளடைவில் இருதயத்தின் மேல் பாரமாக ஏறிவிடுகிறது. கால் வீங்குகிறது, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது.

கிளினிக்கில் கொடுக்கும் மருந்துகள் இரண்டு விதமான வேலையைச் செய்கின்றன. புரூசமைட் போன்ற தண்ணீர் மாத்திரை சேர்ந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும். ஓரிரு நாளில் வீக்கம் வடியும், மூச்சு இலேசாகும். பலன் கண்ணுக்குத் தெரிவதால் எமது மக்கள் இதைத்தான் ‘நல்ல மருந்து’ என்கிறார்கள். ஆனால் ஆயுளைக் கூட்டுவதாக நிரூபிக்கப்பட்டவை சத்தமில்லாமல் வேலை செய்யும் மற்ற மருந்துகளே. எனலாப்ரில் கடுமையான நோயாளிகளின் மரணத்தைக் குறைக்கிறது என்று 1987இல் வெளிவந்த ஸ்கண்டினேவிய ஆய்வு காட்டியது. பிசோபுரோலோல், ஸ்பைரனோலக்டோன் ஆகியவற்றின் பலன் 1999இல் உறுதியானது. பிசோபுரோலோல் வகை மருந்துகள் பலவீனமான இருதயத்துக்கு ஆகாது என்றுதான் வைத்தியர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள்! இவற்றைச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுவார்கள். முதல் சில வாரம் களைப்பாக இருக்கலாம். ‘மருந்து ஒத்துவரவில்லை’ என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்தானது. எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அதைச் சொன்னால் வைத்தியர் லொசாட்டன் போன்ற வேறொன்றை மாற்றித் தருவார். கர்ப்பிணிகளுக்கு இவ்விரண்டும் ஆகாது. ஆகவே பிள்ளை உண்டாகக்கூடிய பெண்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் பேசிவிட வேண்டும்.

வீக்கம் வடிந்ததும் மருந்தை விட்டுவிடுகிறார்கள், எமது மக்களுக்கு அக்கறை இல்லை என்று பேசுவோர் உண்டு. நாம் இதை ஏற்கவில்லை. கிளினிக்குக்குப் போகும் நாளில் தோட்டத்தில் பேர் விழாது. கரவனெல்லைக்கோ கேகாலைக்கோ பஸ் ஏற வேண்டும். விடிய முன் புறப்பட்டு, வரிசையில் நின்று, மாலையில்தான் திரும்ப முடியும். முகாமில் இருப்பவருக்கு இன்னொரு தொல்லை. அவர் பதிந்திருந்த கிளினிக் ஒன்று, இப்போது பக்கத்தில் இருப்பது வேறொன்று. கொப்பி மண்ணுக்குள் போய்விட்டால், “என்ன மருந்து குடித்தீர்கள்?” என்ற கேள்விக்கு, “வெள்ளையாக, சின்னதாக இருக்கும் ஐயா” என்றுதான் சொல்ல முடியும். வெள்ளையாகச் சின்னதாக இருக்கும் மாத்திரைகள் எத்தனையோ! மருந்து அரசாங்க வைத்தியசாலையில் இலவசம் என்பது உண்மை. ஆனால் 2022இன் தட்டுப்பாட்டில் துண்டை எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொன்னதையும் எமது குடும்பங்கள் மறக்கவில்லை.

முகாம் சாப்பாடும் இந்த நோய்க்கு எதிரிதான். கருவாடு, டின் மீன், பக்கட் நூடில்ஸ் எல்லாம் உப்பு. தானம் கொடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பருப்பும் மரக்கறியும் கொடுத்தால் நல்லது. சேறு அள்ளிய இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபினக் மாத்திரை நீரை மறுபடி உடம்பில் தேக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்பைரனோலக்டோன் குடிப்பவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் கூடலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது, தெம்பிலியும் அளவோடுதான். முகாமில் வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் வழமையான மருந்துகளைத் தொடரலாமா என்று அன்றைக்கே வைத்தியரைக் கேட்க வேண்டும். கொழுந்தைத் தினமும் நிறுப்பவர்கள் நாம். இந்த நோயாளியின் நிறையையும் அப்படியே காலையில் பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர்.

2020இல் ஊரடங்கின்போது கிளினிக் நோயாளர்களின் மருந்துகள் தபால் திணைக்களத்தின் ஊடாக வீடு தேடி வந்தன. அன்று முடிந்தது மண்சரிவுக் காலத்தில் ஏன் முடியாது? முகாம் பதிவுப் படிவத்தில் ‘தொடர் மருந்து’ என ஒரு கட்டம் வேண்டும். எந்தக் கிளினிக்கின் நோயாளியானாலும், அருகிலுள்ள வைத்தியசாலை இரண்டு மாத மருந்தைக் கொடுக்க அதிகாரம் பெற வேண்டும். மழைக்கு முன்பே இவற்றைக் கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு எழுதும்படி மாதர் சங்கங்களையும் பங்குச் சபைகளையும் வேண்டுகிறோம். அதுவரை, மருந்தின் பெயரும் அளவும் எழுதிய பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றை அடையாள அட்டையோடு பொலித்தீன் பையில் வையுங்கள். மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.