ஐசியில் ஒரு சாய்வுக் கோடு

சென்ற மாதம் அம்மாவுக்கு ஒரு மருத்துவமனைத் தளத்தில் முன்பதிவு செய்ய உட்கார்ந்தோம். ஐசியில் உள்ளபடியே பெயர், ‘ஏ/பி’, தாத்தாவின் பெயர் என்று எல்லாவற்றையும் அம்மாவே தட்டினார். அனுப்பியதும் திரையில் ‘403, அனுமதி இல்லை’. மறுபடி முயன்றோம். அதே பதில்.

“நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல” என்றார் அம்மா.

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. தளத்தைக் காக்கும் ஃபயர்வால்தான் அவரைத் திருடர் என்று நினைத்துவிட்டது.

ஃபயர்வால், அடுக்குமாடி வாசலில் நிற்கும் ஜாகா மாதிரி. ஆளைத் தெரியாது, கையில் ஒரு பட்டியல் மட்டும் இருக்கும். இணையத் திருடர்கள் படிவத்தில் பெயருக்குப் பதிலாகக் கட்டளைகளை எழுதி அனுப்புவார்கள். சர்வரில் உள்ள கோப்புகளை எட்டிப் பார்க்கச் சாய்வுக் கோடு, தரவுத்தளத்தை ஏமாற்ற மேற்கோள் குறி. அதனால் பட்டியல் கடுமையானால் அந்தக் குறிகளே குற்றவாளிகள் ஆகிவிடும். அயர்லாந்துக்காரர்களின் ஓ’பிரையன் மேற்கோள் குறியில் மாட்டும். நம் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ சாய்வுக் கோட்டில் மாட்டும்.

பல தளங்கள் பயன்படுத்தும் ‘ஓவாஸ்ப்’ இலவச விதித்தொகுப்பில் 4 கண்டிப்பு நிலைகள் உண்டு. முதலாவதுதான் வழக்கமானது. மூன்றாவது நிலைக்கு ஏற்றினால், தமிழில் பெயர் எழுதினாலே தடை விழலாம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். முதலில் வைஃபையை அணைத்துக் கைப்பேசி டேட்டாவில் முயன்றோம். அப்போதும் தடை, ஆகவே எங்கள் வீட்டு இணைய முகவரி காரணமில்லை. அடுத்து அந்தக் கோட்டை மட்டும் எடுத்தோம். உடனே திறந்தது!

“எங்கப்பா பேரைச் சொன்னா உள்ள விடமாட்டாங்களா?” என்று கேட்டார் அம்மா.

கோட்டை எடுத்துவிட்டுப் பதிவு செய்திருக்கலாம். ஆனால் கவுண்டரில் பெயர் ஐசியோடு ஒத்துப்போகாவிட்டால்? அதனால் மருத்துவமனைக்கு எழுதினேன். தடுத்த நாள், நேரம், திரையின் அடியில் இருந்த குறிப்பு எண், எந்தக் கட்டத்தில் என்ன தட்டினோம் என்பதை மட்டும் குறிப்பிட்டேன். இப்படி எழுதும்போது ஐசி எண்ணை அனுப்பாதீர்கள். நான்காம் நாள் சரிசெய்துவிட்டார்கள். பதிவேட்டைப் பார்த்தபோது, அம்மாவுக்கு முன்பே பலர் அதே கோட்டில் திரும்பிப் போயிருந்தார்களாம். ஒருவரும் புகார் சொல்லவில்லை. அவர்களும் தங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்திருப்பார்கள்.

லிட்டில் இந்தியாவில் கடையும் கேட்டரிங்கும் நடத்தும் இளைஞர்கள் பலர் சொந்தத் தளம் வைத்திருக்கிறீர்கள். இப்படிப் புகார் வந்தால் ஃபயர்வாலையே அணைத்துவிடாதீர்கள். எந்த விதி தடுத்தது என்று பதிவேட்டில் பாருங்கள். அந்த ஒரு விதிக்கு, பெயர்க் கட்டத்தில் மட்டும் விலக்குக் கொடுங்கள். புதிய விதி போடும்போது, முதல் சில நாள் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

அதற்கு முன், இன்றிரவே உங்கள் படிவத்தில் உங்கள் அம்மாவின் முழுப் பெயரைக் கோட்டோடு தட்டிப் பாருங்கள்.